குழலில் 1942, வாலில் 1896: ஒரு பின்லாந்து ரைபிளின் வயது எது?

அமெரிக்க ஆயுத ஏலப் பட்டியல்களைப் புரட்டினால் ஒரு விவரம் அடிக்கடி கண்ணில் படும். துப்பாக்கி: பின்லாந்து ராணுவத்தின் எம்39 ரைபிள். குழலில் பொறித்த ஆண்டு: 1942. சட்டப்படி அதன் நிலை: தொன்மை ஆயுதம், வாங்க உரிமம் வேண்டாம்.

முதல்முறை படிப்பவருக்கு இது தலைகால் புரியாது. இரண்டாம் உலகப் போரின் நடுவில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த ரைபிள் எப்படித் தொன்மை ஆயுதமாகும்? விற்பவர் பொய் சொல்கிறாரா? பெரும்பாலும் இல்லை. அதே துப்பாக்கிக்குள் 1896இல் ரஷ்யாவில் செய்த ஒரு பாகம் இருக்கிறது. சட்டம் பார்ப்பது அந்த ஒரு பாகத்தை மட்டும்தான்.

எதிரியிடமிருந்து கைப்பற்றி, தன் தேவைக்கு மாற்றியமைத்த ராணுவத் துப்பாக்கிகள் பலவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. அதைத் தெளிவாகக் காட்டுவது எம்39. அதனால் அதையே கையில் எடுத்துக்கொள்வோம்.

## சட்டத்தின் கண்ணில் எது துப்பாக்கி?

ரைபிள் என்பது பல பாகங்கள் சேர்ந்தது. குண்டு ஓடும் குழல், தோளில் பொருந்தும் மரக்கட்டை, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட், விசை, குறிபார்க்கும் அமைப்பு. இவை அத்தனையையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் எஃகு உடலுக்கு ரிசீவர் என்று பெயர். குழல் அதன் முன்பக்கம் மரையிட்டு முறுக்கப்பட்டிருக்கும். போல்ட் அதற்குள் முன்னும் பின்னும் ஓடும்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ரிசீவர்தான் துப்பாக்கி. மற்றவையெல்லாம் உதிரிபாகம். பழைய புல்லட் வண்டி வைத்திருப்பவருக்கு இது சட்டென்று விளங்கும். டேங்க் மாறியிருக்கலாம், சீட் மாறியிருக்கலாம், சக்கரம்கூட வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். வண்டி எந்த வருஷத்து மாடல் என்று கேட்டால் சேஸிஸ் எண்ணைத்தான் பார்ப்பார்கள். ரைபிளின் சேஸிஸ் ரிசீவர்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிது. பின்லாந்து இந்த ரகத் துப்பாக்கிகளை லட்சக்கணக்கில் பயன்படுத்தியது, பழுது பார்த்தது, புதிதாகவே கட்டியது. ஆனால் ஒரு ரிசீவரைக்கூடத் தானே செய்யவில்லை. எல்லாம் ரஷ்யப் பேரரசின் ரைபிள்களிலிருந்தோ பின்னாளில் சோவியத் ரைபிள்களிலிருந்தோ வந்தவை.

## மூன்று கோட்டு ரைபிள்

ரஷ்யப் பேரரசு 1891இல் ஏற்றுக்கொண்ட படை ரைபிளுக்கு அந்த நாட்டு வழக்கில் 'மூன்று கோட்டு ரைபிள்' என்று பெயர். ஒரு கோடு என்பது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. மூன்று கோடு 7.62 மில்லிமீட்டர். செர்கேய் மோசின் என்ற ரஷ்ய அதிகாரியின் வடிவமைப்பும் பெல்ஜியத்தின் நகான் வடிவமைப்பின் கூறுகளும் சேர்ந்ததால் வெளியுலகில் மோசின்-நகான் என்று பெயர் நிலைத்தது.

துலா, இஷெவ்ஸ்க், செஸ்த்ரோரெட்ஸ்க் ஆகிய மூன்று ரஷ்ய ஆலைகள் இதைச் செய்தன. தொடக்கத்தில் அவற்றால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பிரான்ஸின் ஷாத்தல்ரோ ஆலையிலிருந்து சுமார் 5 லட்சம் ரைபிள்களை ரஷ்யா வாங்கியது. முதல் உலகப் போரில் மறுபடியும் பற்றாக்குறை வந்தபோது, ரெமிங்டன், நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸ் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களிடம் ஆர்டர் போயிற்று.

ஆக, 1899 பிறப்பதற்கு முன்பே லட்சக்கணக்கான ரிசீவர்கள் செய்து முடிக்கப்பட்டுவிட்டன. 1898 என்ற ஆண்டு பின்னால் முக்கியமாக வரும்.

## கைமாறிய வழிகள்

'கைப்பற்றிய ஆயுதம்' என்ற சொல்லை விற்பனையாளர்கள் தாராளமாகத் தூவுகிறார்கள். பின்லாந்தின் கைக்கு இந்த ரைபிள்கள் வந்த வழிகள் மூன்று. மூன்றும் ஒரே பொருளில் 'கைப்பற்றியவை' அல்ல.

1. உள்நாட்டுப் போர், 1918. பின்லாந்து 1917 டிசம்பர் 6 அன்று ரஷ்யாவிடமிருந்து விடுதலையை அறிவித்தது. நாட்டுக்குள் இன்னும் ரஷ்யப் படைமுகாம்கள் இருந்தன. 1918 ஜனவரி இறுதியில் தளபதி மன்னர்ஹெய்மின் வெள்ளைப் படை (உள்நாட்டுப் போரில் அரசுத் தரப்பு), மேற்குக் கடற்கரைப் பகுதியில் அந்த முகாம்களைச் சுற்றிவளைத்து ஆயுதங்களைப் பறித்தது. புதிய நாட்டு ராணுவத்தின் முதல் கையிருப்பில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான்.

2. இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வாங்கியவை. இது பலருக்குத் தெரியாத வழி. முதல் உலகப் போரில் ஜெர்மனியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் ரஷ்யர்களிடமிருந்து மலைமலையாக ரைபிள்களைப் பிடித்தன. 1914 ஆகஸ்ட் இறுதியில் நடந்த டானென்பெர்க் சண்டையில் மட்டும் சுமார் 92,000 ரஷ்ய வீரர்கள் சிறைப்பட்டார்கள். போர் முடிந்தபின் இந்த ரைபிள்கள் ஐரோப்பாவெங்கும் மலிவாகச் சிதறிக் கிடந்தன. பின்லாந்து தேடித் தேடி வாங்கியது. இவற்றைக் கைப்பற்றியது வேறொரு நாடு. பின்லாந்து காசு கொடுத்து வாங்கியது, அவ்வளவுதான்.

3. சோவியத் ஒன்றியத்துடன் நடந்த போர்கள். 1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் 13 வரை நீடித்தது குளிர்காலப் போர். சுவோமுஸ்ஸால்மியிலும் அதையடுத்த ராட்டே சாலையிலும் இரண்டு சோவியத் டிவிஷன்கள் நொறுங்கின. பனிக்காட்டில் கைவிடப்பட்ட ஆயுதங்களைப் பின்லாந்துக்காரர்கள் பொறுக்கிச் சேர்த்தார்கள். 1941இலிருந்து 1944 வரையிலான தொடர்ச்சிப் போரிலும் இது தொடர்ந்தது.

போர்க்களத்தில் எடுத்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது மூன்றாம் வகையைத்தான். ஆனால் அதில் பெரும்பாலானவை 1930களின் சோவியத் ரைபிள்கள். தொன்மைக் கணக்கில் அவை வராது. சேகரிப்பாளர்கள் அதிகம் துரத்தும் 1890களின் ரிசீவர்கள் முதல் இரண்டு வழிகளில் வந்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விளம்பரத்தில் வீரக்கதை கேட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

## மாற்றத்தைத் தீர்மானித்தது தோட்டா

பிடித்த துப்பாக்கியை அப்படியே பயன்படுத்துவதா, மாற்றுவதா? கைப்பற்றிய நாடு எதுவானாலும் இந்தக் கேள்விக்கான விடை அதன் தோட்டாக் கிடங்கில்தான் இருக்கிறது. ரைபிள் ஒருமுறை கிடைத்தால் பல ஆண்டு உழைக்கும். தோட்டா நாள்தோறும் வேண்டும்.

ஜெர்மனிக்கு முதல் உலகப் போரில் ரைபிளோடு ரஷ்யத் தோட்டாவும் ஏராளமாகக் கிடைத்தது. ஆகவே பெரும்பாலும் உள்பகுதியைத் தொடவில்லை. கட்டையில் 'டாய்ச்சஸ் ரெய்ஹ்' (ஜெர்மன் பேரரசு) என்று முத்திரை குத்தினார்கள். சிலவற்றில் ஜெர்மன் பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) பொருந்தும்படி முனையை மாற்றினார்கள். பின்வரிசைப் படைகளுக்குக் கொடுத்தார்கள்.

ஆஸ்திரிய-ஹங்கேரி ஒரு பகுதியைத் தன்னுடைய 8 மில்லிமீட்டர் மான்லிகர் தோட்டாவுக்கு மாற்றியது. வியன்னாவின் பீரங்கித் தளவாட ஆலை குத்திய 'ஏ.இசட்.எஃப்.' முத்திரை அந்நாட்டின் கைபட்ட ரைபிள்களுக்கு அடையாளம்.

போலந்து இன்னும் ஆழமாகக் கைவைத்தது. புதிதாகப் பிறந்த அந்த நாட்டிடம் ரஷ்ய, ஜெர்மன், ஆஸ்திரிய, பிரெஞ்சு ரைபிள்கள் கலந்து கிடந்தன. எல்லாவற்றையும் ஜெர்மன் 7.92 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவின்கீழ் கொண்டுவர விரும்பியது. 1924க்குப் பிறகு சில ஆண்டுகளில் சுமார் 77,000 மோசின்களின் குழலைக் குட்டையாக்கி, தோட்டா அறையையும் தோட்டாப் பெட்டியையும் திருத்தி, மௌசர் பயனெட் மாட்டும்படி செய்தார்கள். மாதிரியின் பெயரே 91/98/25. ரஷ்ய 1891, ஜெர்மன் 1898, போலந்தின் 1925 மூன்றும் ஒரே பெயரில்! குதிரைப்படைக்கும் குதிரை பூட்டிய பீரங்கிப் படைக்கும் இவை போயின. 1939இல் போலந்து வீழ்ந்தபோது பெரும்பாலானவை அழிந்தோ சிதறியோ போயின. மோசின் சேகரிப்பாளர்களிடம் கேட்டால், கிடைத்தற்கரிய மாற்றங்களின் வரிசையில் இதற்கு முன்னிடம் தருவார்கள்.

பின்லாந்தின் கணக்கு நேர்மாறானது. பக்கத்து வீட்டுக்காரன் ரஷ்யா. சண்டை வந்தால் அவனோடுதான் வரும். அவன் தோட்டா நம் துப்பாக்கியில் போக வேண்டும் என்று நினைத்தார்கள். ஆகவே 7.62 அளவை விடவில்லை. குளிர்காலப் போரில் அதற்குப் பலன் கிடைத்தது. எதிரி விட்டுப்போன தோட்டாவை எடுத்து அப்படியே அடைத்துச் சுட முடிந்தது. தோட்டா மாறாவிட்டாலும் மற்ற எல்லாவற்றையும் மாற்றினார்கள்.

## எம்39: பழைய எலும்பு, புதிய உடல்

1920களில் பின்லாந்தின் கையிலிருந்த பழைய ரைபிள்களின் குழல்கள் தேய்ந்திருந்தன. அந்தக் காலத்துத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்தில் உப்புத் தன்மை இருந்ததால், சுட்டபின் ஒழுங்காகக் கழுவாத குழல் துருப்பிடித்துக் குழிவிழும். ரிசீவருக்கு அந்தச் சேதம் வராது. ரிசீவரைக் கடைந்து செதுக்குவதற்கு விலையுயர்ந்த இயந்திரங்களும் தேர்ந்த கைகளும் பல கட்ட வேலையும் தேவை. நல்ல நிலையில் ரிசீவர்கள் குவிந்து கிடக்கும்போது சின்ன நாடு எதற்குப் புதிதாகச் செய்ய வேண்டும்? குழலை மட்டும் புதிதாகப் போடுவோம் என்று முடிவெடுத்தார்கள். என் பார்வையில் இந்த முழுக் கதையிலும் மிகச் சரியான முடிவு இதுதான்.

ராணுவத்துக்கு இணையாகத் தன்னார்வ ஊர்க்காவல் படை ஒன்றும் அங்கே இருந்தது. முதல் புதுக்குழல் ரைபிளை அதுதான் கொண்டுவந்தது: எம்24. குழல்கள் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் செய்யப்பட்டவை. லோட்டா ஸ்வார்ட் என்ற பெண்கள் அமைப்பு நிதி திரட்டி உதவியதால் 'லோட்டா ரைபிள்' என்றே அழைத்தார்கள். பிறகு ராணுவத்தின் எம்27 வந்தது. ஊர்க்காவல் படையின் எம்28, அதைத் திருத்திய எம்28-30 வந்தன. நூற்றுக்கணக்கான எதிரிகளை வீழ்த்தியதாகப் பெயர்பெற்ற குறிபார்ப்பு வீரர் சீமோ ஹாயுஹா கையில் இருந்தது எம்28-30. அதுவும் ரஷ்ய ரிசீவரின்மேல் கட்டியதுதான்.

ராணுவம் ஒரு மாதிரி, ஊர்க்காவல் படை ஒரு மாதிரி என்று பிரிந்து கிடந்ததை ஒன்றாக்கப் பிறந்தது எம்39. 1939 தொடக்கத்தில் ஒப்புதல் கிடைத்தது. குளிர்காலப் போருக்கு அது வந்துசேரவில்லை. உற்பத்தி சூடுபிடித்தது 1940க்குப் பிறகு. ரீஹிமாக்கியில் இருந்த சாகோ ஆலையும் யூவாஸ்குலாவில் இருந்த அரசு ரைபிள் ஆலையும் முதன்மையாகச் செய்தன. மொத்தம் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். வீரர்கள் வைத்த செல்லப்பெயர் 'உக்கோ-பெக்கா'. துப்பாக்கி சுடுவதில் பெயர்பெற்ற குடியரசுத் தலைவர் ஸ்வின்ஹுஃப்வுட்டின் பட்டப்பெயர் அது.

கையில் எடுத்தால் முதலில் தெரிவது கனம். ரஷ்ய மூலத்தைவிடக் குழல் தடிமன், சூடேறினாலும் குறி விலகாமல் இருப்பதற்காக. அடுத்துக் கட்டை. ரஷ்யக் கட்டை ஒரே மரத்துண்டு. பின்லாந்துக் கட்டை இரண்டு துண்டு. முன்பாதியும் பின்பாதியும் சேரும் இடத்தில், இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொள்வதுபோல மரப்பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கும். நீளமான ஒற்றைக் கட்டை ஈரத்தில் முறுக்கிக்கொண்டு குழலை அழுத்தும், குறி தப்பும். இரண்டு துண்டாக இணைத்தால் அந்த முறுக்கு குறையும். பிர்ச் மரத்தின் வெளிறிய நிறத்தில் இந்தக் கோப்பைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு நெருக்கமான வேலை. பணத்துக்கும் நேரத்துக்கும் நெருக்கடியான போர்க்காலத்தில் இதைச் செய்த தச்சர்களை நினைத்தால் மரியாதை வருகிறது.

அளவுகளிலும் மாற்றம் உண்டு. ரஷ்யப் பேரரசின் ரைபிள்களில் குறிபார்க்கும் தூரம் அர்ஷின் என்ற பழைய அளவில் இருந்தது. ஓர் அர்ஷின் சுமார் 71 சென்டிமீட்டர். பின்லாந்துக்காரர்கள் அதை மீட்டர் கணக்குக்குத் திருத்தினார்கள். பழைய ரைபிள் சிலவற்றில் ரஷ்ய எண்ணின் மேலேயே புதிய எண் குத்தியிருப்பதைப் பார்க்கலாம்.

## முத்திரைகள் எங்கே, எதற்கு?

ரிசீவரின் வயது வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம் மோசினின் அமைப்பு. ஆலையின் பெயரும் ஆண்டும் பெரிய எழுத்தில் இருப்பது குழலின் பின்பகுதியில். பின்லாந்து குழலைக் கழற்றிப் புதியதைப் போட்டவுடன் அந்த ரஷ்ய அடையாளம் முழுவதும் போய்விட்டது. புதிய குழலில் சாகோவின் பெயரோ, சாய்சதுரத்துக்குள் வி.கே.டி. என்ற அரசு ஆலையின் எழுத்துகளோ வந்தன. கூடவே 1941, 1942, 1944 என்று ஆண்டு. மேலிருந்து பார்த்தால் இது பின்லாந்தில் பிறந்த துப்பாக்கி.

ரிசீவரின் பின்முனை நாக்குபோல நீண்டு கட்டைக்குள் பதிந்திருக்கும். அதை வால் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாலின் அடிப்பக்கத்தில் ரிசீவர் செய்த ஆலையின் குறியும் ஆண்டும் சிறிதாகக் குத்தியிருக்கும். துலாவுக்குச் சுத்தியல், இஷெவ்ஸ்குக்கு வில்லும் அம்பும். பார்க்க வேண்டுமானால் போல்ட்டை உருவி, குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் முன்வளையங்களைத் தளர்த்தி, மேலே பின்பக்கம் ஒன்றும் கீழே முன்பக்கம் ஒன்றுமாக இருக்கும் இரண்டு பெரிய திருகுகளைக் கழற்றி, குழலோடு ரிசீவரைக் கட்டையிலிருந்து தூக்க வேண்டும். பழைய கிரீஸைத் துணியால் துடைத்தால் எண் தெரியும். 1896 என்றால் ஒரு விலை. 1906 என்றால் வேறு விலை. வெளியே இரண்டு ரைபிளும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும்.

வெளியே தெரியும் மற்ற முத்திரைகளில் மூன்றை அறிந்தால் போதும். சதுரக் கட்டத்துக்குள் எஸ்.ஏ. என்றால் பின்லாந்து ராணுவச் சொத்து. 1942இலிருந்து இதைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்பே படையை விட்டு வெளியேறிய ரைபிளில் இது இல்லாமல் இருப்பது இயல்பு. எஸ் எழுத்தும் ஊசியிலைத் தளிர்களும் கொண்டது ஊர்க்காவல் படையின் குறி. 1944 நவம்பரில் அந்தப் படை கலைக்கப்பட்டது. குழலில் தனியாக 'டி' என்ற எழுத்து இருந்தால், பின்லாந்தின் டி-166 என்ற கனமான குண்டுக்கு அந்தக் குழல் பொருந்தும் என்று பொருள்.

## 1898 என்ற கோடு

அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு கோடு கிழித்தது. 1898இலோ அதற்கு முன்போ தயாரித்தது தொன்மை ஆயுதம். அந்தச் சட்டத்தின் கணக்கில் அது துப்பாக்கியே அல்ல. ரிசீவர்தான் துப்பாக்கி என்ற விதியோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், 1896 ரிசீவரின்மேல் 1942 குழல் போட்ட எம்39 தொன்மை ஆயுதம். கூட்டாட்சியின் ஆயுதக் கண்காணிப்பு அமைப்பும் ரிசீவரின் ஆண்டைத்தான் கணக்கில் எடுக்கிறது.

இதன் விளைவுகளைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. ரிசீவர் 1899 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் சாதாரணத் துப்பாக்கி. உரிமம் பெற்ற வணிகர் விற்கும்போது படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை நடக்கும். 50 ஆண்டு கடந்தது என்பதால் அரும்பொருள் வகையில் சேரும். அதற்கான சேகரிப்பாளர் உரிமம் வைத்திருப்பவர் மாநிலம் கடந்தும் நேரடியாக வாங்கலாம்.

2. ரிசீவர் 1898க்கு உட்பட்டது என்றால் கூட்டாட்சி அளவில் படிவமும் இல்லை, சோதனையும் இல்லை. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

3. விலக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. குழலை 16 அங்குலத்துக்குக் கீழே வெட்டினால் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் குறுக்கே வரும். அந்தச் சட்டத்தின் தொன்மை விலக்குக்கு, தோட்டா சந்தையில் எளிதாகக் கிடைக்காததாக இருக்க வேண்டும். 7.62 ரஷ்யத் தோட்டா தாராளமாகக் கிடைக்கிறது.

இரண்டாவது விளைவில் எனக்கு உடன்பாடு இல்லை. 1896 ரிசீவரும் 1906 ரிசீவரும் தாங்கும் குழல் ஒன்றே, தோட்டா ஒன்றே, ஆபத்தும் ஒன்றே. குற்றத் தண்டனையால் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை இழந்தவருக்குக்கூடக் கூட்டாட்சித் தடை 1896 ரிசீவர் கொண்டதைத் தொடாது. சேகரிப்பாளர்களின் சுமையைக் குறைக்கப் போட்ட கோடு இது. சுவரில் மாட்டும் நெருப்புக்கல் துப்பாக்கிக்கு அது நியாயமே. புதிய குழலோடு போர்க்களத்துக்கே மறுபடி அனுப்பப்பட்ட ரைபிளை இந்தக் கோட்டால் அளக்க முடியாது.

பிரிட்டன் வேறு கேள்வி கேட்கிறது. அங்கே 2021இல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, தொன்மை ஆயுதமாக இருக்க 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும். கூடவே, அதன் தோட்டா வழக்கொழிந்தவை என்று அரசு வகுத்த பட்டியலில் இருக்க வேண்டும். மோசினின் தோட்டா இன்றும் படைகளின் பயன்பாட்டில் உள்ளது. ஆகவே ரிசீவர் எவ்வளவு பழையதானாலும் எம்39க்கு அங்கே விலக்கு இல்லை. எது சரியான கேள்வி என்று கேட்டால் என் வாக்கு பிரிட்டனுக்கு.

## தானியங்கி என்றால் கதை வேறு

கைப்பற்றி மாற்றிய எல்லா ஆயுதங்களுக்கும் இந்தக் கணக்கைப் போடக் கூடாது. சோவியத்தின் பி.பி.எஸ்.ஹெச்-41 இயந்திரத் துப்பாக்கியை ஜெர்மானியர்கள் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள். ஒரு பகுதியின் குழலை 9 மில்லிமீட்டருக்கு மாற்றி, தங்கள் எம்.பி.40 இயந்திரத் துப்பாக்கியின் தோட்டாப் பெட்டி பொருந்தும்படி ஒரு இணைப்பை வைத்து, எம்.பி.41(ஆர்) என்று பெயரிட்டார்கள். அடைப்பிலுள்ள எழுத்து ரஷ்ய மூலத்தைக் குறிப்பது.

சேகரிப்பாளர்களுக்கு இது கனவுப் பொருள். ஆனால் இது தானியங்கி. அமெரிக்காவில் தனியார் வைத்திருக்க வேண்டுமானால் கூட்டாட்சிப் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். போரிலிருந்து வீரர்கள் கொண்டுவந்தவற்றைப் பதிய 1968 நவம்பரில் ஒரு மாதம் பொதுமன்னிப்பு தந்தார்கள். 1986 மே 19 முதல் தனியாருக்காகப் புதிதாகச் செய்வதைப் பதிவதும் அடியோடு நின்றது. அந்த மன்னிப்பு மாதத்தில் பதியாமல் விட்டதைப் பின்னால் பரணிலிருந்து எடுத்தாலும் சட்டப்படி ஆக்க வழியில்லை. இங்கேயும் சட்டத்தின் பார்வை ரிசீவர்மேல்தான். குழலை அகற்றினாலும் அது இயந்திரத் துப்பாக்கிதான்.

## விற்பனை விவரத்தில் என்ன கேட்க வேண்டும்?

1. வாலின் அடிப்பக்கப் படம். ஆலைக் குறியும் நான்கு இலக்கங்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். 'உறுதியாகத் தொன்மை' என்ற சொல் மட்டும் இருந்து படம் இல்லையென்றால் விலகிவிடுவது நல்லது. ஒற்றை இலக்கம் விலையையே மாற்றுவதால் 9ஐ 8ஆகத் திருத்திக் குத்தும் ஆசை சிலருக்கு வரும். நூற்றாண்டுப் பழைய முத்திரையின் பள்ளத்தில் கருமையும் தேய்மானமும் மற்ற பகுதியோடு ஒன்றியிருக்கும். புதிதாகக் குத்தியதில் விளிம்பு கூர்மையாக நிற்கும்.

2. இறக்குமதி முத்திரை உண்டா? 1950களின் இறுதியில் இன்டர்ஆர்ம்கோ என்ற ஆயுத வணிக நிறுவனம் பின்லாந்தின் பழைய ஆயுதங்களை வாங்கிக்கொண்டு பதிலுக்கு பிரிட்டனின் ஸ்டென் இயந்திரத் துப்பாக்கிகளைக் கொடுத்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கு வந்த ரைபிள்களில் இறக்குமதியாளர் பெயர் இருக்காது. 1968 சட்டம் உபரி ராணுவத் துப்பாக்கிகளின் வரவை நிறுத்தியது. 1980களின் நடுவில் கதவு மறுபடி திறந்தபின் வந்தவற்றில் நிறுவனத்தின் பெயரைக் குழலில் பொறித்திருப்பார்கள். பெயர் இல்லாததற்குக் கூடுதல் விலை கேட்பார்கள். அந்தப் பெயரை அரம் போட்டு அழித்துவிட்டு 'முத்திரை இல்லாதது' என்று விற்பது நடக்கிறது. குழலின் அந்தப் பகுதியில் கருநீலப் பூச்சு மாறியிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

3. குழலின் ஆண்டு. 1940இலிருந்து 1945 வரை எதிர்பார்க்கலாம். 1960களின் இறுதியைக் காட்டும் குழல் கண்டால் போலி என்று ஒதுக்க வேண்டாம். மிச்சமிருந்த பாகங்களைக் கொண்டு பின்லாந்து அப்போது சில எம்39களைக் கட்டியது. படைக்கே போகாத அவை புத்தம்புதிதாக இருக்கும். அவற்றிலும் 1890களின் ரிசீவர் வருவதுண்டு. 1980களில் குறிபார்ப்பு வீரர்களுக்காக டி.கே.ஐ.வி. 85 என்ற ரைபிளை உருவாக்கியபோதும் இந்தப் பழைய ரிசீவர்களையே எடுத்தார்கள்.

4. மாற்றியமைத்த நாடு எதுவானாலும் தோட்டா எது என்பதை வல்லுநர் ஒருவர் அளந்து பார்க்காமல் சுடக் கூடாது. ஆஸ்திரிய, போலந்து மாற்றங்களில் வெளித்தோற்றம் மோசின், உள்ளே வேறு அளவு. தவறான தோட்டா சுடுபவரின் முகத்துக்கு நேரே வெடிக்கலாம்.

5. 'பனிப்போர்க்களத்தில் கிடைத்தது' என்ற கதைக்கு ரைபிளின் மேலேயே ஆதாரம் வேண்டும். எஸ்.ஏ. முத்திரை பின்லாந்து ராணுவத்தின் சொத்து என்று மட்டுமே சொல்லும். எங்கே, யாரிடமிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. பின்லாந்து வாங்கிய ரைபிளின்மேலும் அதே முத்திரைதான்.

6. கட்டையைத் தேய்த்து மெருகேற்றியிருந்தால் அதில் இருந்த முத்திரைகளும், ராணுவப் பணிமனை ஒட்டுப்போட்ட மரத்துண்டுகளின் விளிம்பும் மழுங்கிப்போயிருக்கும். பளபளப்பு கண்ணுக்கு அழகுதான். அந்த ரைபிள் எந்தெந்தக் கைகளைக் கடந்தது என்பதைப் படிக்க இருந்த பக்கம் மட்டும் அதில் கிழிந்துபோகிறது. அப்படிப்பட்டதற்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.